போர்ச்சுகல்

சின்னத்துறை மைதானத்தின் இடது மூலையை
ஆனிக்கு ஆனி கடல் கடித்துக்கொண்டு போகும்.
மிச்சமிருந்த ஒடுங்கிய ஓரத்தில்
ஒரு கால் நனைய, ஒரு கால் உலர
ஓடிப் பழகியவன் பெர்க்மான்ஸ்.
அலைக்குள் போகுமுன் பந்தை வளைத்துவிடுவான்.
வித்தை என்பார்கள் வெளியூர்க்காரர்கள்.
இன்னொரு பந்து வாங்கக் காசில்லை, அவ்வளவுதான்.

பிறகு மலப்புறத்தில் செவன்ஸ்.
ஆட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு, பொரோட்டா, பஸ் கூலி.
கானாக்காரன் ஒருத்தன் காய்ச்சலில் படுக்க
கமிட்டிக்கு ஒரு வெளிநாடு குறைந்தது.
சீட்டில் இவன் முழுப்பெயரைப் பார்த்தார்கள்:
பெர்க்மான்ஸ் டிக்ரூஸ்.
அன்றிரவே மைக் அவனுக்குப் பாஸ்போர்ட் கொடுத்தது.
"போர்ச்சுகலில் நின்னு வந்ந தாரம், தி க்ரூஸ்!"
ஒரே நிபந்தனை: வாயைத் திறக்கக் கூடாது.

பதினோரு ஆட்டம் திறக்கவில்லை.
கோல் அடித்தால் வானத்தைப் பார்ப்பான்.
ஃபவுல் என்றால் தோளைக் குலுக்குவான்.
கட்டன்சாயா வேண்டுமென்றால் எனக்குக் கண் காட்டுவான்.
நான் கோலி. மொழிபெயர்ப்பாளனும் நானே.
ஜன்னல், சாவி, அலமாரி, மேசை என்று
மூக்கால் இழுத்து வேகமாகச் சொல்வேன். நம்பினார்கள்.
வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது
அதில் நான் பொய்யே சொல்லவில்லை என்று.

பன்னிரண்டாம் ஆட்டம், வண்டூர்.
பின்னாலிருந்து முட்டில் விழுந்தது உதை.
"எக்க அம்மோ!"
கேலரி முழுக்கச் சிரித்தது.
அந்தச் சிரிப்புக்குள் முட்டு ஒடிந்த சத்தம்
அறுபதடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது.

ஊருக்கு அந்தப் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது.
"போர்ச்சுகல் வாறான் பாருலேய்."
சுறாப் போட்டில் மூன்று வருடம்.
ஆடும் தளத்தில் அந்த முட்டு நிற்காது.
ஷைனியின் வளையல் இரண்டை விற்று
சென்னையில் போய் டி லைசென்ஸ் வாங்கினான்.
தி க்ரூஸின் டி என்றான்.
அதற்குச் சிரித்தவன் நான் ஒருத்தன்தான்.

வலை மிதவைகளை மணலில் வைத்து
ஆட்டம் சொல்லித் தருவான்:
மஞ்சள் நாம், வெள்ளை வள்ளவிளை.
ஒரு சாயங்காலம் மஞ்சளில் ஒன்றை எடுத்து
கால்சட்டைப் பையில் போட்டான்.
நான் கவனித்திருக்க வேண்டும்.

ஈஸ்டர் கோப்பை இறுதி ஆட்டம்.
பள்ளி வராந்தாவில் பெயர் வாசித்தான்.
"ஒண்ணு, அஜின்."
பத்தொன்பது வயது. என் உறையையே
இரவல் வாங்கிப் போடுகிற பயல்.
என் பெயர் இருந்த இடத்தைக் கடக்கும்போது
அவன் குரல் தயங்கவில்லை.
தயங்கியிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும்.

பெஞ்சிலிருந்து இருபது வருடத்தில் முதல்முறையாக
அவனைப் பக்கவாட்டில் பார்த்தேன்.
பேசாமலேயே பதினோரு ஆட்டம் ஆடியவன்
ஒரு நொடி வாயை மூடவில்லை.
"லேய் ஏறு! இறங்குலேய்! சவமே, பின்னால பாரு!"
பந்து இடது ஓரத்தில் போகும்போதெல்லாம்
அவனுடைய இடது கால்
சுண்ணாம்புக் கோட்டை மெல்ல உதைத்தது.
தொண்ணூறாவது நிமிடத்தில் அவன் முன்னால்
கோடு இல்லை, ஒரு குழிதான்.

பெனால்டி.
ஒருமுறை பெஞ்சுப் பக்கம் திரும்பினான்.
எழுந்து உறையை மாட்டினேன்.
திரும்பிக்கொண்டான்.
கடைசி உதைக்கு அஜின் வலதுபக்கம் சாடினான்.
விரல் நுனியில் பட்டு உள்ளே போனது பந்து.

வள்ளவிளைக்காரர்கள் வெடி போட்டு முடித்தபின்
வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்,
அந்த முட்டை நீட்டிக்கொண்டு.
மன்னிப்பு கேட்கவில்லை.
"நீ எந்தப் பக்கம் சாடியிருப்ப?"
பொய் சொல்ல எனக்கு ஒரு மொழி இருந்தது ஒருகாலத்தில்.
"இடது" என்றேன்.
"ம்" என்றான்.
பையிலிருந்து மிதவையை எடுத்து
எங்கள் இருவருக்கும் நடுவே வைத்துவிட்டு
கூம்புகளைப் பொறுக்கப் போனான்.